கொல்வதும் கருணையும்: பினாங்கு ஆலய நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர்களே, செயலாளர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, வணக்கம்.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள நம் ஆலயங்களின் அன்னதானக் கூடங்களில் நெடுங்காலமாகக் காய்கறி நறுக்கியும் பாத்திரம் துலக்கியும் வருகிறவள் நான். அதற்கு முன்பு ஒரு கால்நடை மருத்துவரின் சிகிச்சையகத்தில் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இந்த இரண்டு இடங்களிலும் நான் கண்டவற்றைச் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, நம் ஆலயங்கள் தம் மதிலுக்குள் வந்து சேரும் எலி, பூனை, நாய் முதலிய உயிர்களிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி உங்களிடம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த ஆலயத்தையும் பெயர் சொல்லிக் குறைகூறுவது என் நோக்கமன்று. நான் சொல்லப்போவது ஏதோ ஓர் ஆலயத்தில் மட்டும் நடப்பதும் அன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உயிரைக் கொல்வது எப்போதுமே கருணைக்கு மாறானது என்று நான் நம்பவில்லை. கருணையுள்ளவர் கையாலும் கொலை நேரலாம். கொல்லாமல் விட்டுவிடுவதே கொடுமையாக முடிகிற வேளைகளும் உண்டு. ஆனால் அதற்குச் சில கடமைகள் முன்நிற்கின்றன. அந்த உயிர் சாகாமலிருக்க நம்மால் செய்யக்கூடியதை முன்னதாகவே செய்திருக்க வேண்டும். வேறு வழியில்லை என்றாகும்போது அதன் வேதனை மிக விரைவில் முடிய வேண்டும். முடிவெடுத்தவர்கள் நடப்பதைத் தம் கண்ணால் பார்க்கவும், தம் பொறுப்பென்று ஏற்கவும் முன்வர வேண்டும். நம் ஆலயங்கள் பலவற்றில் இவற்றுள் ஒன்றும் நடப்பதில்லை என்பதே என் வருத்தம். நாம் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று சொல்லிக்கொண்டு, நம் கூரைக்குக் கீழேயே அவற்றை அணு அணுவாகச் சாக விடுகிறோம்.

எலியிலிருந்து தொடங்குகிறேன். பல ஆலயங்கள் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. குறித்த நாளில் ஓர் ஆள் வந்து, அரிசி மூட்டைகளை அடுக்கியிருக்கும் கட்டைகளுக்கு அடியிலும், கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னாலும், சாமான் அறையின் கதவோரத்திலும், எலி ஒட்டிக்கொள்ளுமாறு பசை பூசிய ஒட்டுப் பலகைகளை வைத்துவிட்டுப் போகிறார். கூட்டக் குறிப்பில் இது ‘பூச்சிக் கட்டுப்பாடு’ என்ற ஒரே வரியாக முடிந்துவிடுகிறது. கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் எவரும் விடியற்காலையில் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் அடுப்பு மூட்ட வரும் பெண்களும், கூட்டிப் பெருக்கும் தொழிலாளியுந்தான்.

அவர்கள் பார்ப்பது இன்னதென்று நீங்கள் அறிய வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் நான் கண்ட எலி, வலப்பக்கம் முழுதும் பசையில் படிந்து கிடந்தது. கன்னமும் ஒரு கண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தன; மற்றொரு கண் திறந்திருந்தது. விலாப்பக்கம் கட்டுக்கடங்காத வேகத்தில் ஏறி இறங்கியது. இரவெல்லாம் இழுத்து இழுத்துத் தோல் ஓரிடத்தில் உரிந்திருந்தது. முன்காலைத் தானே கடித்திருந்த அடையாளமும் இருந்தது. எங்கள் காலடி ஓசை கேட்டதும் அது மறுபடியும் எழ முயன்று, மெல்லிய குரலில் கத்தியது. தொழிலாளி அந்தப் பலகையை எலியோடு சேர்த்து இரண்டாக மடித்து, கறுப்பு நெகிழிப் பைக்குள் போட்டு, முடிச்சிட்டுக் குப்பைத் தொட்டியில் வைத்தார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பை நெடுநேரம் அசைந்துகொண்டிருந்தது. குப்பை லாரி நண்பகலுக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் நாங்கள் சாம்பாரும் கூட்டும் பாயசமும் சமைத்துப் பந்தி பரிமாறத் தொடங்கியிருந்தோம்.

ஒட்டுப் பலகை எலியைக் கொல்வதில்லை. பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதன் பிறகு சாவு வருவது களைப்பினாலும் தாகத்தினாலும், மூக்கு பசையில் புதைந்துவிட்டால் மூச்சுத் திணறலினாலும் ஆகும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம்; ஒரு நாளைக் கடந்தும் உயிர் போகாமலிருக்கலாம். எலிமேல் இரக்கம் மிகுந்த நாடுகள்தாம் இதைத் தடை செய்யும் என்று நீங்கள் எண்ணக்கூடும். நியூசிலாந்தை எண்ணிப் பாருங்கள். தன் மண்ணுக்குரிய பறவைகளைக் காப்பதற்காக 2050ஆம் ஆண்டுக்குள் நாட்டிலுள்ள எலிகளையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கும் நாடு அது. அந்த நாடே 2015 முதல் அமைச்சரின் அனுமதியின்றி ஒட்டுப் பலகையை விற்கவோ பயன்படுத்தவோ கூடாதென்று விதித்திருக்கிறது. வேல்ஸ் 2023இல் அதை முற்றாகத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியிலிருந்து உரிமம் பெற்ற தொழிலர் அன்றி வேறெவரும் அதைப் பயன்படுத்துவது குற்றம். எலியைக் கொல்வது வேறு, எலியை வதைப்பது வேறு என்பதை அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அறத்தைப் பற்றி நாள்தோறும் பேசுகிற நாம் அதைப் பிரித்துப் பார்க்காமலிருப்பது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

எலியே பிள்ளையாரின் வாகனம், ஆகவே ஆலயத்தில் அதைத் தொடவே கூடாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு வெளியேறுகிறது. காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் கண் வழியாகவும் அது மனித உடலுக்குள் புகுந்துவிடும். நோய் முற்றினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகி உயிரே போகக்கூடும். மழை கொட்டிச் சாக்கடை நிரம்பி வழிகிற நம் தீவில் இது தொலைதூர அச்சமன்று. அன்னதானத்துக்கு வருகிறவர்களுள் முதியோரும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உண்டு. அவர்கள் இலையில் விழும் சோற்றைக் காப்பது நம் பொறுப்பு. வேறு வழிகளெல்லாம் தீர்ந்த பிறகும் சமையற்கட்டில் எலி இருந்தால் அதைக் கொல்லத்தான் வேண்டும். அதைக் கருணைக் கொலை என்று அழைத்து நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டாம். அது நம் தேவைக்காக நாம் செய்யும் கொலை. அப்படி ஒப்புக்கொண்டால்தான் அதைக் குறைக்கவும், வலியின்றிச் செய்யவும் நமக்கு மனம் வரும்.

எப்படிக் கொல்வது என்ற கேள்வியை நாகரிகம் கருதி யாரும் பேசுவதில்லை. பேசாததனால்தான் கேடான வழிகள் நிலைத்துவிட்டன. கூண்டு வைத்து உயிரோடு பிடித்துவிட்டு, அந்தக் கூண்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்துகிற வழக்கம் நம்மிடையே உண்டு; சிலர் கொதிநீரை ஊற்றுகிறார்கள். நீரில் மூழ்கும் எலி மூச்சுத் திணறிப் போராடித்தான் சாகும். வேறு சிலர் கூண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஏதோ ஒரு புதரோரத்தில் திறந்துவிட்டு மனநிறைவோடு திரும்புகிறார்கள். இடம் தெரியாத எலி அங்கே வளையும் இரையும் இல்லாமல் பெரும்பாலும் மடிந்துபோகும். இல்லையேல் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குக் குடிபெயரும். இப்போது பரவலாகக் கிடைக்கும் எலி நஞ்சுகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி சில நாள் கழித்து உட்கசிவினால் சாகும். அதுவரையில் தளர்ந்த நடையோடு வெளியில் திரியும் அந்த எலியைப் பூனையோ கூகையோ பிடித்துத் தின்றால் அதற்குள்ளும் நஞ்சு இறங்கும். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குப் பெட்டி வைத்து வளர்ப்பது நம் நாட்டில் பல்லாண்டு வழக்கம். நஞ்சு வைக்கும் இடங்களில் அந்தக் கூகைகளும் கேட்டுக்கு ஆளாகின்றன. இவை எல்லாவற்றோடும் ஒப்பிட, வலுவான வில் பூட்டிய அடிப்பொறிதான் குறைந்த கொடுமையுடையது. நல்ல பொறி சரியாக வைக்கப்பட்டால் கழுத்தையோ மண்டையையோ முறித்து அந்தக் கணமே உயிரைப் போக்கும். மலிவான, வில் தளர்ந்த பொறி காலை மட்டும் நசுக்கும். அது ஒட்டுப் பலகைக்கு எவ்விதத்திலும் மேலானதன்று. ஆகவே நல்ல பொறியாகப் பார்த்து வாங்கி, சுவரோரமாக, தீனி வைக்கும் முனை சுவரைப் பார்த்திருக்குமாறு வைத்து, இரவிலும் விடியலிலும் தவறாமல் பார்வையிட வேண்டும்.

எனினும் பொறியைப் பற்றிய பேச்சு இரண்டாம் நிலையில் வர வேண்டியது. எலி ஏன் வருகிறது என்று கேட்காமல் எலியைக் கொன்றுகொண்டே இருப்பது, முடிவில்லாத கொலைக்கு நாமே ஏற்பாடு செய்வதாகும். பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி ஈனும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமும் ஈனும். 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆராய்ந்தவர்கள், எலிகளைக் கொன்றுவிட்டு உணவையும் மறைவிடத்தையும் அப்படியே விட்டுவைத்தால் எண்ணிக்கை மீண்டும் பழைய அளவை எட்டிவிடுகிறது என்றும், குப்பையையும் மறைவிடத்தையும் நீக்கினால்தான் நிலையாகக் குறைகிறது என்றும் கண்டார்கள். நம் கூடங்களில் இரவில் என்ன நடக்கிறது? எஞ்சிய சோறு மூடியில்லாத தொட்டியில் கிடக்கிறது. அரிசி மூட்டை சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கிறது. கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. எலிக்குஞ்சுக்கு அவ்வளவே போதும். சிறுதெய்வச் சந்நிதியில் படைத்த பழமும் பொரியும் விடியும்வரை அகற்றப்படுவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் சோறிட்டு மகிழ்கிறோம். அன்றிரவே அந்த மிச்சம் மீதியை அகற்றுவதற்கு எத்தனை பந்தல்கள் ஆள் ஒதுக்குகின்றன? அடுத்த சில வாரங்களில் அதே எலிகளுக்காகப் பலகை வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். வரவழைத்தவர்களும் நாமே, வதைப்பவர்களும் நாமே.

கொசுவுக்கும் இது பொருந்தும். தேங்காய் ஓட்டிலும் பூச்சாடியிலும் அகல் விளக்கிலும் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். 2019இல் மட்டும் இந்நாட்டில் 130,000க்கும் மேற்பட்டோர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். வாரம் ஒருமுறை நீரைக் கவிழ்த்துவிட்டால் புகை அடிக்கவே தேவை வராது.

முன்கூட்டித் தடுப்பதே பெரிய கருணை என்பதற்கு நம் நாட்டிலேயே மறக்க முடியாத சான்று இருக்கிறது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா காய்ச்சல் பரவியபோது 265 பேர் நோயுற்று, அவர்களில் 105 பேர் இறந்தனர். பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைச் சூறையாடிய அந்த நோயை நிறுத்துவதற்காக ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மக்கள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறு வழி இருந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் அவசரத்தில் நடந்த அந்தக் கொலையில் படைவீரர்கள் சுட்டுச் சுட்டுக் குழிகளில் தள்ளிய காட்சிகளைச் செய்தியில் பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். பின்னர்தான் வேர் தெரிந்தது: அந்த நோய்க்கிருமியைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால்கள் வந்துண்ணும் மரங்கள் பன்றிக் கொட்டில்களுக்கு மேலேயே வளர்ந்திருந்தன, வௌவால் கடித்துப்போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. கொட்டில்களுக்குப் பக்கத்தில் பழமரங்கள் இல்லாதபடி செய்து, பண்ணைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த பிறகு மலேசியாவில் அந்த நோய் மீண்டும் தலைகாட்டவில்லை. மரத்தின் இடத்தை மாற்றியிருந்தாலே அத்தனை மனிதரும் அத்தனை விலங்குகளும் பிழைத்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இனி, நம் வாசலில் அடிபட்டுக் கிடக்கும் உயிர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்மையில் ஓர் ஆலயத்தின் முன்னால் வாகனம் மோதிய நாய் ஒன்று, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், முன்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு வந்து மதிலோரத்தில் படுத்தது. பக்தர்கள் பால் வைத்தார்கள். ஒருவர் விபூதி இட்டார். சிலர் கண்ணீரும் விட்டார்கள். மருத்துவரை அழைக்கலாம் என்றபோது, அழைத்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள், அந்தப் பழி நமக்கு வேண்டாம், அதன் வினையை அது அனுபவித்துத் தீர்க்கட்டும் என்று பொறுப்பில் உள்ளவர்களே சொன்னார்கள். அந்த நாய் மறுநாள் இரவுவரை உயிரோடிருந்தது. இறுதியில் எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது.

வினைப்பயன் என்ற அந்தச் சொல்லை நான் இகழவில்லை; நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி வேதனையைத் தீர்க்கக்கூடாது என்றால், பசித்தவனுக்குச் சோறிடுவதும் கூடாது, நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் கூடாது என்றாகிவிடும். நம் ஆலயங்கள் அன்னதானமும் மருத்துவ முகாமும் நடத்துவதற்கே இடமில்லாமல் போய்விடும். மனிதர் பசியில் தலையிட நமக்கு உரிமை உண்டென்றால், முதுகெலும்பு முறிந்த நாயின் வேதனையில் தலையிடவும் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

கொல்லாமையைத் தம் வாழ்நாள் நோன்பாகக் கொண்ட ஒருவரே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது; மருத்துவம் கைவிட்டுவிட்டது. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, எதிர்ப்புக்கிடையிலும், மருத்துவரை வரவழைத்து, தாமே அருகில் நின்று, ஊசியினால் அந்தக் கன்றின் உயிரை முடித்துவைத்தார். அதை மறைக்காமல் தம் இதழில் எழுதினார்; சினம் நிறைந்த கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த எழுத்திலேயே அவர் ஆசிரமத்துப் பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றிய கேள்வியையும் எடுத்து, இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கினார். கன்றைக் கொன்றது கன்றின் நலனுக்காக. குரங்கைக் கொல்ல நேர்ந்தால் அது நம் நலனுக்காக. பின்னதை அகிம்சை என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது அவர் நிலை. இந்தத் தெளிவைத்தான் நான் உங்களிடம் வேண்டுகிறேன். எலியைக் கொல்லும்போது அது நமக்காக என்று ஒப்புக்கொள்வோம். அடிபட்ட நாய்க்கு மருத்துவரை அழைக்கும்போது அது நாய்க்காக என்று துணிவோம்.

அந்த ஊசியைப் பற்றி நம்மவர்களிடையே தேவையற்ற அச்சம் இருக்கிறது. ஆகவே நான் பக்கத்திலிருந்து கண்டதைச் சொல்கிறேன். மருத்துவர் முதலில் மயக்க மருந்தைத் தசையில் செலுத்துவார். சில நிமிடங்களில் விலங்கின் தலை தாழ்ந்து, மூச்சு சீராகி, வலியின் முறுக்கு உடலைவிட்டு இறங்கும். அது நன்றாக உறங்கிய பிறகே முன்காலின் நாளத்தில் மற்றொரு மருந்து ஏற்றப்படும். நொடிகளில் நினைவு முற்றாக அகலும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். மருத்துவர் மார்பில் குழலை வைத்துக் கேட்டு உறுதி செய்வார். கண்கள் தாமாக மூடிக்கொள்ளமாட்டா. அதைக் கண்டு சிலர் அதிர்ச்சியடைவார்கள், ஆனால் அங்கே வலி இல்லை. அந்த வேளையில் விலங்கின் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பது என் பணிகளில் ஒன்றாக இருந்தது. மதிலோரத்தில் எறும்பு மொய்க்கக் கிடந்த சாவையும், மேசைமீது ஒரு கையின் சூட்டில் நிகழ்ந்த சாவையும் அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், முதலாவதைப் புண்ணியம் என்றும் இரண்டாவதைப் பாவம் என்றும் சொல்ல என்னால் இயலாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் என் மடலே தவறான கைகளில் கருவியாகிவிடும். பார்க்க அருவருப்பாக இருப்பதெல்லாம் தீராத நோய் அன்று. தோல் முழுவதும் உதிர்ந்து, இரத்தம் கசியச் சொறிந்துகொண்டு திரியும் நாயைக் கண்டு, ‘அதற்கு விடுதலை கொடுத்துவிடலாம்’ என்று பலர் சிகிச்சையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னதுண்டு. அது பெரும்பாலும் சிற்றுண்ணியால் வரும் சொறி. முறையான மருந்தால் சில வாரங்களிலேயே முடி முளைக்கத் தொடங்கும். புழு வைத்த புண் நம் வயிற்றைக் குமட்டினாலும், துப்புரவு செய்து மருந்திட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். நாய்களிடையே தொற்றிப் பரவும் பிறப்புறுப்புக் கட்டிகூட வாரமொரு ஊசியாகச் சில வாரம் கொடுத்தால் கரையும். அதே வேளையில், வெளியே ஒரு கீறலும் இல்லாமல் அமைதியாகப் படுத்திருக்கும் பூனை, சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்து மீள முடியாத நிலையில் இருக்கலாம். நம் கண்ணின் அருவருப்பு வேதனையை அளக்கும் கருவியன்று. எனவே, எந்த உயிர் பிழைக்கும், எது பிழைக்காது என்ற முடிவை மருத்துவரிடம் விட வேண்டும். வளாகம் அழகாக இருக்க வேண்டும், குடமுழுக்கு நெருங்குகிறது, பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்பதற்காக ஒரு நாயை அகற்றிவிட்டு அதற்குக் கருணை என்று பெயரிடுவதை நான் வன்மையாக எதிர்ப்பேன்.

அச்சத்தால் கொல்வதும் அப்படியே. 2015இல் வெறிநாய்க் கடி நோய் நம் மாநிலத்தில் கண்டறியப்பட்டபோது தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவு வந்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் நினைவிருக்கும். வெறி முற்றிய நாயைக் கொல்லத்தான் வேண்டும். அதற்கும் மருத்துவம் இல்லை, அது கடித்தவருக்கும் நோய் வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறையத் தப்பிப்பே இல்லை. ஆனால் நோயற்ற நாய்களைக் கூட்டமாகக் கொல்வதால் அந்த நோய் அடங்குவதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால்தான் பரவல் அறுபடும். பாலித் தீவு முதலில் கொல்லும் வழியில் சென்று, நோய் தீவெங்கும் பரவிய பிறகே தடுப்பூசி வழிக்கு வந்தது. நம் ஆலயத்தைச் சுற்றித் திரியும் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய ஆகும் செலவு, ஒரு திருவிழாவின் பூ அலங்காரச் செலவில் சிறு பகுதிதான்.

பூனைக்குட்டிகளை எண்ணி எனக்குத் தனி வருத்தம். சோறு கிடைக்கும் இடம் என்பதால் அட்டைப் பெட்டியில் குட்டிகளை வைத்து ஆலய வாசலில் விட்டுப் போகிறார்கள். நிர்வாகத்தினர் அந்தப் பெட்டியை இரவோடிரவாகச் சந்தையிலோ உணவங்காடியிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். ‘எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்’ என்பது அப்போது சொல்லப்படும் ஆறுதல். கண் திறவாத குட்டி தாயின் சூடும் பாலும் இல்லாமல் ஓரிரு நாள்கூடத் தாங்காது. சற்று வளர்ந்தது மீன்கடைக்காரர் ஊற்றும் நீருக்கும் லாரிச் சக்கரத்துக்கும் இடையில் எத்தனை நாள் தப்பும்? யார் கையும் கொல்லவில்லை என்பது உண்மை. குட்டிகள் செத்தன என்பதும் உண்மை. இந்நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சித்தான் நம் ஆலயங்கள் திருந்த வேண்டும் என்ற நிலை வரக்கூடாதென்று நான் விரும்புகிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, ஒட்டுப் பலகை வைக்கக் கூடாது என்ற விதியை எழுத்தில் சேருங்கள். அதற்கு மறுக்கும் நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்தைத் தேடுங்கள். பலகை வாங்கிய பணத்தில் மூடியுள்ள குப்பைத் தொட்டியும், அரிசிக்கு உலோகப் பெட்டியும் வாங்கி, குழாயோரத்து ஓட்டைகளைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடையுங்கள். பொறி வைத்தாக வேண்டிய நாளில், குழுவில் யாரேனும் ஒருவர் முறை வைத்துக்கொண்டு காலையில் நேரில் வந்து பாருங்கள். அந்த வேலையைக் கூலிக்காரர் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். அடிபட்ட விலங்கை எடுத்துச் செல்ல ஒரு பெட்டியும் தடித்த துணியும் ஆலயத்தில் இருக்கட்டும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு யாரிடமும் ஒப்புதல் கேட்டுக் காத்திராதபடி சிறு நிதி ஒதுக்கப்பட்டிருக்கட்டும். பூனைக்குட்டிகளைச் சந்தையில் விடும் வழக்கம் இன்றோடு நிற்கட்டும். அடைக்கலம் தேடித்தரத் தொண்டர்கள் இருக்கிறோம். தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யும் செலவை ஆலயம் ஏற்றால் எஞ்சியதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு எல்லா ஆலயக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். அழைக்கும் ஆலயத்துக்கு நானே வந்து, அடிப்பொறியை எங்கே எப்படி வைப்பது, அடிபட்ட விலங்கை மேலும் நோகாமல் எப்படித் தூக்குவது என்று சமையற்கட்டில் வேலை செய்பவர்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் செய்து காட்டத் தயாராக இருக்கிறேன். அந்தப் பயிற்சியில் நிர்வாகக் குழுவினரும் கலந்துகொள்ள வேண்டும் என்பதே என் நிபந்தனை.

இப்படிக்கு,
அன்னதானக் கூடத்துத் தொண்டர் ஒருத்தி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.